கடைசி வரிசையின் இருமல்

இரண்டு போர்வைகளுக்காகத்தான் ஹெப்சி லாட்டன் நாடு கடத்தப்பட்டாள்.

நாரிச் நகரத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். வயது இருபதுகூட ஆகவில்லை. கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னவன் பட்டாளத்தோடு போய்விட்டான். தறிகள் ஓடாத குளிர்காலம் அது. வீட்டுக்காரி கொடுத்திருந்த போர்வைகளை அடகுக் கடையில் வைத்து ரொட்டி வாங்கித் தின்றாள். சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்டுவிடலாம் என்று நினைத்தாள். வீட்டுக்காரி வெள்ளிக்கிழமையே கதவைத் தட்டிவிட்டாள்.

"பதினாலு வருஷம். கடலுக்கு அப்பால்" என்றார் நீதிபதி. பதினாலு வருஷம் என்பது ஹெப்சிக்குப் புரிந்தது. கடலுக்கு அப்பால் என்பதுதான் புரியவில்லை. அதுவரை அவள் கடலையே பார்த்ததில்லை.

அதன்பிறகு அவள் பார்த்ததெல்லாம் கடல்தான். கப்பலின் அடித்தட்டில் கிடந்து, வாந்தியும் காய்ச்சலுமாக, ஒரு நாள் நியூ சவுத் வேல்ஸின் வெயிலில் கண் கூசி நின்றாள். சிட்னியில் ஒரு வியாபாரி வீட்டுக்கு அவளை வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு எசமானிக்கு ஒரு தம்பி இருந்தான். ஹெப்சியின் வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவன் குதிரை வாங்க மேற்கே போய்விட்டான். அவளைக் கைதிப் பெண்களின் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். வயிற்றில் பிள்ளையோடு வருகிற பெண்ணுக்கு அங்கே தண்டனை உண்டு. தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். தரையில் விழுந்த தன் சிவந்த முடியைத் தானே பெருக்கி வாரிக் கொட்டினாள் அவள்.

தொழிற்சாலை என்பது ஆற்றோரத்து ஊர் ஒன்றில், உயர்ந்த கல் மதிலுக்குள் இருந்தது. அங்கேதான் திர்சா பிறந்தாள். ஒரு கூடையில் கம்பளி, மறு கூடையில் குழந்தை. ஒன்றைச் சிக்கெடுத்துக்கொண்டே மற்றதை ஆட்டுவாள் ஹெப்சி. அந்த மதிலுக்குள் அவள் சிரித்ததெல்லாம் அந்தக் கூடையைப் பார்த்துத்தான்.

ஆனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. பிள்ளைக்கு நாலு வயது நெருங்கினால் அநாதைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். தாய் உயிரோடு இருந்தாலும் அநாதைதான். ஒரு காலையில் வண்டி வந்தது. திர்சாவின் விரல்கள் ஹெப்சியின் பாவாடை மடிப்பைப் பிடித்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்கள். கடைசி விரல் பிரிந்தபோது துணி கிழிந்தது. ஹெப்சி அந்தக் கிழிசலை அதற்குப் பிறகு தைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாயும் மகளும் ஒரே கூரைக்கு அடியில் இருப்பார்கள். காப்பகத்துப் பிள்ளைகள் தேவாலயத்தில் முன்வரிசைகளில் நீல கவுன் போட்டு உட்காருவார்கள். தொழிற்சாலைப் பெண்களுக்குக் கடைசி வரிசை. பேசக் கூடாது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால் அவர்களுக்கு மத்தியானம் சாப்பாடு கிடையாது. அதனால் தாய்மார்கள் இருமினார்கள். ஒவ்வொருத்திக்கும் ஓர் இருமல். ஒருத்தி தொண்டையைக் கனைப்பாள், ஒருத்தி மூக்கை உறிஞ்சுவாள். ஹெப்சியின் இருமல் இரண்டு குட்டை, ஒரு நீளம். அது கேட்டதும் முன்வரிசையில் ஒரு சின்னக் கை பின்னால் போகும். தொப்பியின் நாடாவை ஒரு தரம் இழுத்துவிட்டு மடிக்குத் திரும்பும்.

"நீ இருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான் அந்தப் பேச்சு. அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உயிர் வாழ்ந்துவிடலாம்.

"இங்கிலாந்திலயிருந்து வந்த கைதிங்க எல்லாருக்கும் காசநோய்னு பாதிரியார் நினைச்சுக்கிட்டிருக்காரு" என்பாள் ஒனோரா. ஹெப்சிக்குப் பக்கத்தில் கம்பளி சிக்கெடுக்கிற அயர்லாந்துக்காரி. வெண்ணெய் திருடி வந்தவள். "அடுத்த வாரம் நமக்காகத் தனி ஜெபமே வச்சாலும் வைப்பாரு."

பிள்ளையைத் திரும்பப் பெற ஒரே வழிதான் இருந்தது. தாய் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். புருஷன் வந்து, எனக்கு வீடு இருக்கிறது, நான் காப்பாற்றுகிறேன் என்று காப்பகத்தில் சொல்ல வேண்டும். ஹெப்சி வாய் திறக்காமல் வேலை செய்ததும், மறுபடி முடி வெட்டப்படாமல் நடந்துகொண்டதும் அதற்காகத்தான். மொட்டைத் தலைக்காரியை எந்த ஆண் தேர்ந்தெடுப்பான்?

பெண் தேடி வருகிற ஆண்களைத் திங்கட்கிழமை காலையில் உள்ளே விடுவார்கள். முற்றத்தில் பெண்கள் வரிசையாக நிற்க வேண்டும். வந்தவன் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடப்பான். பிடித்தவளின் காலடியில் தன் கழுத்துத் துண்டைப் போடுவான். அவள் எடுத்தால் சம்மதம். பிறகு மதிலோரமாக இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளலாம். மேட்ரன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏண்டி ஹெப்சி, முகத்த இப்படி வச்சுக்கிட்டு நின்னா, துண்டு போட வர்றவன் துக்கம் விசாரிச்சிட்டுப் போயிடுவான்" என்றாள் ஒனோரா. "கொஞ்சம் சிரி."

"வரலடி."

"வர வச்சுக்க. இன்னொண்ணு சொல்றேன் கேளு. பிள்ளை உண்டான்னு கேப்பான். இல்லன்னு சொல்லு."

"பொய்யா? இந்தப் பொழப்பே அவளுக்காகத்தானே."

"அதனாலதான் சொல்றேன். போன மாசம் நம்ம லெட்டிஸ் உண்மையச் சொன்னா. என்னாச்சு? அந்த ஆளு அவ கையிலயிருந்த துண்ட வாங்கி, உதறி, அடுத்தவ கால்ல கொண்டு போட்டான். லெட்டிஸ் இன்னும் இங்கதான் உக்காந்திருக்கா. மோதிரம் விரல்ல ஏறட்டும். அப்புறம் சொல்லு. கல்யாணம் ஆயிட்டா ஆம்பளைங்க எதையும் கேட்டுக்குவாங்க. வேற என்ன பண்ணிட முடியும் அவங்களால?"

அன்றைக்கு வந்தவன் பெயர் ஒபதியா கிரெஸ்வெல். லிங்கன் பக்கத்துக்காரன். அங்கே பிரபுவின் காட்டில் மான் பிடித்து மாட்டிக்கொண்டு, கைதியாகவே வந்தவன். இப்போது தண்டனை முடியுமுன்பே வெளியே பிழைக்க விடுகிற நன்னடத்தைச் சீட்டு வாங்கி மலைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துப் பிழைத்தான். ஹெப்சியைவிட இருபது வயது மூத்தவன். முன்பல் இரண்டு இல்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டு வரிசையின் கடைசிவரை போனான். திரும்பி வந்தான். வெள்ளைப் புள்ளி போட்ட நீலத் துண்டு ஹெப்சியின் காலடியில் விழுந்தது.

"என்ன பெரியவரே, புடிச்சுப் போட்டீங்களா, கை நடுங்கி விழுந்துடுச்சா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டுந்தாம்மா" என்றான் ஒபதியா. "எடுத்துக் குடுத்தாங்கன்னா நல்லா இருக்கும்."

முற்றமே சிரித்தது. ஹெப்சி குனிந்து எடுத்தாள்.

மதிலோரத்தில் அவன்தான் முதலில் பேசினான். "குடிசை ஒண்ணு இருக்கு. மரப்பட்டைக் கூரை. ஒழுகாது." கொஞ்சம் யோசித்தான். "ரொம்ப ஒழுகாது."

"எனக்குப் பால் கறக்கத் தெரியும்" என்றாள் ஹெப்சி. அது பொய்.

"மாடு கெடையாதே. ஆடுதான்."

"அதுவும் தெரியும்."

அவன் சிரித்தான். பல் இல்லாத சிரிப்பு குழந்தைச் சிரிப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு நின்றது. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பிள்ளை குட்டி ஏதாவது உண்டா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே கையை அவள் பக்கம் நீட்டினான்.

அவள் பார்வை அந்தக் கையில் நின்றது. துண்டைத் திரும்பக் கேட்கிறான். லெட்டிஸிடம் கேட்டதுபோல. ஹெப்சி துண்டை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"இல்ல" என்றாள்.

"சரி" என்றான் அவன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அவன் குரல் இறங்கிப் போனதை அவள் நிம்மதி என்று நினைத்தாள்.

தேவாலயத்தில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு வாசித்தார்கள். ஒபதியா ஆடுகளிடம் போய்விட்டான், கல்யாணத்தன்றுதான் திரும்பி வந்தான். நீலத் துண்டைத் துவைத்துக் கட்டியிருந்தான். பாதிரியார் அவசர அவசரமாகச் சடங்கை முடித்தார். ஒனோரா தன் ரொட்டிப் பங்கை ஹெப்சியின் மூட்டைக்குள் திணித்துவிட்டு, "போடி, போய் அவளக் கூட்டிக்கிட்டு ஓடு" என்று காதில் சொன்னாள். அப்போது மட்டும் அவள் குரலில் கேலி இல்லை.

காளை வண்டி ஆற்றங்கரைச் சாலையில் போனது. அதே சாலையில்தான் காப்பகம். வெள்ளைச் சுவர் தெரிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஹெப்சி முடிவு செய்திருந்தாள். வாயைத் திறப்பாள். ஒபதியா ஏதாவது சொல்ல ஆரம்பிப்பான். அவனுக்குப் பேசிப் பழக்கமில்லை. பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் ஒவ்வோர் ஆட்டின் குணத்தையும் சொல்லிக்கொண்டு வந்தான். அந்த மகிழ்ச்சியை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதோ அந்த வளைவு தாண்டட்டும். அந்தத் தைல மரம் தாண்டட்டும்.

வளைவில், சுவர் தெரிவதற்கு முன்பே பிள்ளைகள் தெரிந்தார்கள்.

இரண்டு இரண்டு பேராகக் கைகோத்து, நீல கவுன்களில் உலாவப் போகிற வரிசை. வண்டிக்காக ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். நடுவிலிருந்து ஒரு சின்ன உருவம் கையை உதறிவிட்டு ஓடி வந்தது. தொப்பி கழன்று முதுகில் தொங்க, சிவந்த முடி காற்றில் பறக்க, வண்டிச் சக்கரத்தை ஒட்டி ஓடி வந்தது.

"அம்மா. அம்மா. நான்தாம்மா."

ஒபதியா காளைகளை நிறுத்தினான். "யாரது? ஒன்னயா கூப்பிடுது?"

இந்த ஒரு நொடியைத்தான் ஹெப்சி வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வாழ்ந்தாள். பக்கத்தில் ஒரு மணி நேரத்துப் புருஷன். இல்லை என்று அவனிடம் சொன்ன பொய் விரலில் மோதிரமாகக் கிடந்தது. பொய்க்காரி என்று தெரிந்தால் இப்படியே திருப்பிக் கொண்டுபோய் மதிலுக்குள் விட்டுவிடுவான். பிறகு பிள்ளை என்றைக்கும் கிடைக்காது. இன்று ஒரு தரம் மறுத்தால் நாளைக்கு என்றென்றைக்கும் சேர்த்துக்கொள்ளலாம். பயந்த மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது.

"அநாதைப் பிள்ளைங்க. யாரப் பாத்தாலும் அம்மான்னுதான் கூப்பிடும்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சக்கரத்தின் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும்.

வண்டி நகர்ந்தது. பின்னால் அழுகைச் சத்தம் வரும் என்று ஹெப்சி எதிர்பார்த்தாள். வரவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பாள்.

குடிசை ஒழுகத்தான் செய்தது. உப்புக்கண்டமும், சாம்பலில் சுட்ட ரொட்டியும், கறுப்புத் தேநீருமாக நாட்கள் போயின. ஒபதியா கை ஓங்காத மனிதன். குரலும் ஓங்காது. அதுவே அவளுக்கு இன்னும் பாரமாக இருந்தது. இன்று சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டதில் ஆடுகள் குட்டி போடுகிற காலம் வந்துவிட்டது.

ஒரு காலையில், ஒரு தாயாடு தன் குட்டியைக் கிட்டே விடாமல் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. ஒபதியா இரண்டையும் தூக்கி, திரும்பக்கூட இடமில்லாத சின்னத் தட்டிக்குள் அடைத்தான்.

"எதுக்கு அது?" என்று ஹெப்சி கேட்டாள்.

"ஒரே எடத்துல மூச்சு விட்டுக்கிட்டுக் கெடந்தா, வாசனை ஒண்ணாயிடும். ரெண்டு மூணு நாள்ல சேத்துக்கும்."

"குட்டி தாயத் தள்ளினா?"

"அப்படி நான் பாத்ததில்ல ஹெப்சி. தள்றது எப்பவும் தாய்தான்."

ஹெப்சி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். போர்வை, சிட்னி வீடு, கூடை, கிழிந்த பாவாடை, இருமல், நாடா. கடைசியில் சக்கரத்தின் பக்கத்தில் நின்ற பிள்ளை.

ஒபதியா தட்டியைப் பிடித்துக்கொண்டான். "அந்தச் செவப்பு முடிப் பிள்ளையா?" என்றான்.

அவள் தலையசைத்தாள்.

"உண்டான்னு நான் ஏன் கேட்டேன் தெரியுமா? லிங்கன்ல எனக்கு ரெண்டு பசங்க. நான் கப்பலேறினப்ப சின்னவனுக்கு அப்பதான் பல்லு மொளைச்சிருந்துச்சு. அவங்கம்மா வேற ஒருத்தரக் கட்டிக்கிட்டா. அவளச் சொல்லிக் குத்தமில்ல. இங்க ஒரு பிள்ளை ஓடியாடினா நல்லா இருக்கும்னு நினைச்சேன். உண்டுன்னு நீ சொல்ல மாட்டியான்னுதான் கேட்டேன்."

"துண்டத் திரும்பக் கேக்கிறீங்கன்னு நினைச்சேனே. கைய நீட்டுனீங்களே."

"ஒன் கையப் புடிக்கத்தான் நீட்டினேன்" என்றான் ஒபதியா.

பெண்ணாகப் பிறந்தவள் அழுவதற்கு எத்தனை காரணம் உண்டோ அத்தனைக்கும் சேர்த்து அன்று அழுதாள் ஹெப்சி. ஒபதியா அவளைத் தேற்றவில்லை. நீலத் துண்டை அவிழ்த்து அவள் மடியில் வைத்துவிட்டு, மாவட்டத்தைவிட்டு வெளியே போக நீதிபதியிடம் அனுமதி கேட்கக் கிளம்பினான். சீட்டுக்காரன் நினைத்தபோது ஊர் தாண்ட முடியாது. அனுமதி வர ஒரு கோடை கடந்துவிட்டது.

காப்பகத்துத் தலைவி நல்ல பெண்மணி. ஆனால் அவளுக்கு அனுபவம் இருந்தது. கூலி இல்லாத கைக்கு ஆசைப்பட்டு, பெண்டாட்டியைத் தாய் என்று சொல்லி அழைத்து வந்து பிள்ளைகளைக் கொண்டுபோன பண்ணைக்காரர்களைப் பார்த்தவள். அதனால் பிள்ளையிடம் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

திர்சாவைக் கூட்டி வந்தார்கள். வளர்ந்திருந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். கைகள் ஏப்ரனை இறுகப் பிடித்திருந்தன.

"இவங்க யாருன்னு தெரியுதாம்மா?" என்று தலைவி கேட்டாள்.

ஹெப்சியின் தொண்டையிலிருந்து பழைய பாஷைதான் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

அந்தக் கை அசையவில்லை. ஏப்ரனைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயின.

"தெரியாது" என்றாள் திர்சா. "நாங்க அநாதைப் பிள்ளைங்க. யாரப் பாத்தாலும் அம்மான்னு கூப்பிடக் கூடாது."

ஒபதியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தலைவி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே முடி, ஒரே மோவாய். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். "தொழிற்சாலையிலயிருந்து சாட்சி கொண்டு வா" என்றாள் மெதுவாக. "அழுதாலும் வண்டியில ஏத்தி அனுப்பிடறேன். சின்னப் பிள்ளை, நாலு நாள்ல மறந்திடும்."

"வேண்டாம்மா" என்றாள் ஹெப்சி. "எங்கிட்டயிருந்து பிரிச்சப்ப ஒவ்வொரு விரலா இழுத்துத்தான் பிரிச்சாங்க. சேக்கறப்பவும் இழுக்க வேண்டாம். அவளா வரட்டும்."

அவளாக வரவில்லை. ஒவ்வொரு கோடையிலும் அனுமதி வாங்கிப் போனார்கள். ஒவ்வொரு கோடையிலும் அதே "தெரியாது". ஒரு வருஷம் ஹெப்சி கம்பளியில் கையுறை பின்னிக் கொண்டு போனாள். திர்சா அதை வாங்கி, நன்றி சொல்லி, அவள் கண் முன்னாலேயே பக்கத்தில் நின்ற குட்டிப் பெண்ணுக்குப் போட்டுவிட்டாள். ஹெப்சியின் தண்டனைக் காலம் முடிந்தது. விடுதலை என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம். போக அவளுக்கு ஒரே இடம்தான் இருந்தது. அங்கே அவளைத் தெரியாது.

காப்பகத்துப் பெண்களைப் பன்னிரண்டு வயதில் வீடுகளுக்கு வேலைக்குக் கொடுத்துவிடுவார்கள். பதினெட்டு வயதுவரை அந்த வீட்டில் கட்டுண்டு இருக்க வேண்டும். திர்சாவின் முறை வந்தபோது ஒபதியா கம்பளி விற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். திரும்பி வந்த வண்டியில் அவன் பக்கத்தில் ஒரு சிறுமி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யார் வீட்டுக்காவது போய்த்தானே ஆகணும் அவ" என்றான் ஒபதியா, வாசலுக்கு வந்த ஹெப்சியிடம். "நம்ம வீட்டுக்கு வரட்டும். ஒரே கூரைக்கடியில மூச்சு விட்டுக்கிட்டு இருக்கட்டும்."

திர்சா வண்டியிலிருந்து இறங்கினாள். காப்பகத்தில் பழக்கியபடி முழங்காலை மடித்து வணங்கினாள். "நான் எங்க படுக்கணும், எசமானி?" என்றாள்.

எசமானி. ஆறு வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டாள் ஹெப்சி. காலையில் அடுப்பை மூட்டி, "தண்ணி கொதிச்சிடுச்சு, எசமானி." மத்தியானம் துணி உலர்த்தி, "மழை வரும்போல இருக்கு, எசமானி." வேலையில் ஒரு குறை இல்லை. எதிர்ப்பேச்சு இல்லை. ஹெப்சி தன் தட்டிலிருந்து இறைச்சியை எடுத்து அவள் தட்டில் வைப்பாள். திர்சா அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, தன் பங்கை மட்டும் சாப்பிடுவாள். ஒபதியாவோடு மட்டும் சிரிப்பாள். குட்டிகளுக்குப் பெயர் வைப்பதில் இரண்டு பேருக்கும் போட்டி.

"அந்தக் கிடாய்க்கு கவர்னர்னு பேரு வச்சிருக்கேன்" என்பாள்.

"ஏன்?"

"ஒண்ணும் பண்றதில்ல, எல்லாரும் ஒதுங்கி வழி விடணும்."

ஒபதியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஹெப்சி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். நாரிச்சில் தறிக்கூடத்தில் அவளும் அப்படித்தான் சிரித்தாள்.

ஒரு குளிர்காலத்தில் ஹெப்சிக்கு மார்ச்சளி பிடித்தது. ஒபதியா ஆடுகளோடு மலையில் இருந்தான். நாள் முழுக்க இருமினாள். உண்மையான இருமல், நெஞ்சைக் கிழிக்கிற இருமல். திர்சா வெந்நீரில் தேன்பாகு கலக்கிக் கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள்.

"இருமாதீங்க எசமானி."

"என்னால முடியலம்மா."

"தயவு பண்ணி இருமாதீங்க. என்னால கேக்க முடியல."

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முதல் முறையாக, கட்டளைக்காக இல்லாமல், தானாகப் பேசினாள். "வண்டி போன அந்த வாரம் ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போனோம். நான் திரும்பிப் பாக்கல. வண்டியில இருந்தது வேற யாரோதான்னு நினைச்சுக்கிட்டேன். எங்கம்மா பின்னாடி இருப்பாங்க, இருமுவாங்கன்னு கைய நாடாவிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எல்லாரோட அம்மாவும் இருமினாங்க. பாட்டு முடிஞ்சு, பிரசங்கம் முடிஞ்சு, எல்லாம் முடிஞ்சுது. ஒங்க இருமல் மட்டும் வரல."

ஹெப்சி எழுந்து உட்கார முயன்றாள். "ஒன்னய மீட்கத்தான் கண்ணு நான்..."

"தெரியும். அப்பா எல்லாம் சொல்லிட்டாரு." ஒபதியாவை அவள் அப்பா என்றுதான் கூப்பிட்டாள். "நீங்க எதுக்கு அப்படிப் பண்ணினீங்கன்னு எனக்குப் புரியுது. கோவமும் இப்ப இல்ல. ஆனா அந்தச் சொல்லு வர மாட்டேங்குது. இருந்த மூச்சையெல்லாம் போட்டு அன்னிக்குக் கூப்பிட்டுட்டேன்."

கிண்ணத்தை எடுத்து, ஹெப்சியின் தலையைத் தாங்கி, குடிக்க வைத்தாள். ஆறு வருஷத்தில் அந்தக் கை அவளைத் தொட்டது அன்று மட்டும்தான். ஹெப்சி மெதுவாகக் குடித்தாள், கிண்ணம் தீர்ந்துவிடக் கூடாதே என்று.

பதினெட்டு வயது ஆனது. சிட்னியில் ஒரு தையல்காரி வீட்டில் வேலை கேட்டு வைத்திருந்தாள் திர்சா. போக வேண்டாம் என்று சொல்ல ஹெப்சிக்கு வாய் இருந்தது, உரிமை இல்லை. கிளம்புகிற காலையில் ரொட்டி சுட்டு மூட்டையில் வைத்தாள். திர்சா ஒதுக்கி வைக்கவில்லை. முழங்காலை மடித்து வணங்கினாள்.

"வர்றேன் எசமானி."

"ஒடம்பப் பாத்துக்க."

அவ்வளவுதான். ஒபதியா அவளைக் கைகொடுத்து ஏற்றினான். அதே காளை வண்டி. அன்று ஹெப்சி உட்கார்ந்த அதே இருக்கை. இன்றைக்கு மகள் மேலே உட்கார்ந்திருந்தாள். தாய் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் நின்றாள்.

வண்டி நகர்ந்தது. ஹெப்சி பட்டியின் தட்டியைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட வேண்டும் போலிருந்தது. என்னவென்று கூப்பிடுவது? மகளே என்று கூப்பிட்டால், அந்த வளைவில் ஆற்றைப் பார்த்துத் திரும்பிய முகம் எங்கே போகும்? உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். நெஞ்சுக்குள் ஏறியது நிற்கவில்லை. அது இருமலாக வெளியே வந்தது. இரண்டு குட்டை. ஒரு நீளம்.

திர்சா திரும்பிப் பார்க்கவில்லை. தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி சரிவில் இறங்கப் போகிற நேரத்தில் அவள் வலது கை மடியிலிருந்து எழுந்து பின்னால் போனது. தொப்பி நாடாவைப் பிடித்து ஒரு தரம் இழுத்துவிட்டு மறுபடி மடிக்குத் திரும்பியது.

பிறகு சரிவு வண்டியை மறைத்துவிட்டது. காளைகளின் மணிச் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் கேட்டது.